முதியோர் இல்லத்தில் ஒரு குழந்தைச் சத்தம்

ஓடீலியா மெடெய்ரோஸுக்குக் கோபம் வந்தால் போர்ச்சுகீசிய மொழியில் திட்டுவாள். உச்சக்கட்டக் கோபம் வந்தால் மட்டும் ஆங்கிலம். திட்டு வாங்குகிறவனுக்குப் புரிய வேண்டுமே என்ற நல்லெண்ணம்தான். அன்று மதியம் ஆங்கிலம்.

"பாருடா டாரியோ, நல்லாப் பாரு! சிவப்புப் பட்டை ஒட்டி, சீல் வெச்சுட்டுப் போயிருக்கான். ஏதோ நான் நாலு பேரை வெட்டிப் போட்ட இடம் மாதிரி!"

டாரியோ பார்த்தான். செர்ரித் தோட்டத்தின் நடுவே மூன்று மாடி உயரத்துக்கு நின்றது காற்று விசிறி. அடியில் இருந்த இன்ஜின் பெட்டியின் கதவில் அரசாங்க முத்திரை. சுற்றிலும் முப்பது ஏக்கருக்கு வெள்ளை வெளேர் என்று பூ. கனடாவின் பெண்டிக்டன் ஊர் வானொலி காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது: நாளை விடியற்காலை மைனஸ் நாலு, உறைபனி. அந்த விசிறி சுற்றி, மேலே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டைக் கீழே தள்ளினால் பூ பிழைக்கும். சுற்றவில்லை என்றால் காலையில் மரம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் டீத்தூள்தான் மிஞ்சும்.

"யார் வெச்ச சீல்?" என்றாள் வில்மா ஃப்ரீசன்.

வில்மா துப்பறிகிறவள். ஐம்பத்தெட்டு வயது, ஆறடி உயரம், முகத்தில் சிரிப்பு வருவது லீப் வருஷக் கணக்கில். முன்பு பயிர்க் காப்பீட்டு நிறுவனங்களுக்காக வேலை பார்த்தவள். ஆலங்கட்டி அடித்த ஆப்பிளையும், காப்பீட்டுப் பணத்துக்காகச் சுத்தியல் அடித்த ஆப்பிளையும் மோந்து பார்த்தே பிரித்துவிடுவாள் என்று ஒகனாகன் பள்ளத்தாக்கு முழுக்கப் பேர். டாரியோ அவளுடைய உதவியாளன். ஆறு வருஷம் பழைய டிரக் விற்றவன். பொய் சொல்லத் தெரிந்தவனுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கவும் தெரியும் என்று நம்பி அவனை வேலைக்கு எடுத்தாள். இரண்டாவது பாதி இன்னும் நிரூபணமாகவில்லை.

"கெலோனாவிலேர்ந்து அரசாங்க ரேடியோ இன்ஸ்பெக்டர். காலையில ஒன்பது மணிக்கு வந்தான்," என்றாள் ஓடீலியா. "மேல மலையில இருக்கானே, வானத்தை ஒட்டுக் கேட்கிறவன், அவன் புகார் கொடுத்திருக்கான். என் விசிறி இன்ஜின் பொறி தட்டுதாம், அந்தச் சத்தத்துல அவன் நட்சத்திரம் பேசறது கேட்கலையாம். மூணு வாரமா தினமும் இதே தொல்லையாம். இந்த மூணு வாரத்துல நான் விசிறி போட்டதே அஞ்சு தடவைதான்!"

"நிஜமா பொறி தட்டுதா அத்தை?"

"டேய், போன வருஷம்தான் அவன் சொன்ன கம்பெனிக்காரனை வெச்சே உறை போட்டு மூடினேன். பரிசோதனை பண்ணி அவனே நல்லாருக்குன்னான்." அவள் குரல் சட்டென்று இறங்கியது. "நாலரைக்கு கெலோனா ஆபீஸை மூடிடுவான். அதுக்குள்ள புகாரை வாபஸ் வாங்கினாத்தான் சீலைப் பிரிக்க முடியும். போன வருஷக் குளிர்லயே பாதி மரம் போச்சு. இதுவும் போச்சுன்னா தோட்டத்தைக் கொடுத்துட்டு வான்கூவர்ல உங்கப்பன் வீட்டுச் சோபாவுல வந்து உட்கார வேண்டியதுதான்."

அத்தை அழுது டாரியோ பார்த்ததில்லை. இப்போதும் அழவில்லை. ஆனால் ஒரு பூங்கொத்தைக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக் காலையிலயும் அந்தச் சத்தம் வந்துச்சுன்னா நம்ம விசிறி இல்லைன்னு தானா நிரூபணம் ஆயிடுமே மேடம்?" என்றான், டிரக்கில் ஏறும்போது.

"ஆயிடும். டீத்தூளுக்கு நடுவுல நின்னு கைதட்டலாம். வண்டியை எடு."

*

மலைக்கு மேலே ஹார்ன் க்ரீக் வானொலி ஆய்வகம். வாசலிலேயே செல்போன், கைக்கடிகாரம், டிரக் சாவி எல்லாவற்றையும் ஓர் இரும்புப் பெட்டியில் போடச் சொன்னார்கள். வில்மாவின் கடிகாரம் மட்டும் தப்பித்தது. அது சாவி கொடுத்து ஓடும் பழங்காலத்துச் சமாசாரம்.

"பேட்டரி இருக்கிற எதுவும் உள்ள போகக் கூடாது," என்றாள் அவர்களை அழைத்துப் போக வந்த பெண். "சின்னதா ஒரு பொறி தட்டினாக்கூட எங்க தொலைநோக்கிக்கு இடி விழுந்த மாதிரி கேட்கும்."

மிரெய் தெலோர்ம். கியூபெக்காரி. முப்பத்திரண்டு வயசு இருக்கும். ஓட்டப் பயிற்சிக்குப் போடும் ஷூ, தொளதொள ஜாக்கெட், தூக்கம் பார்க்காத கண்கள். டாரியோ தன் தலைமுடியை ஒரு தடவை தடவிக்கொண்டான்.

"நான் பேட்டரி இல்லாமலேயே ஓடுவேன்," என்றான்.

"இவனை மன்னிச்சுடுங்க," என்றாள் வில்மா. "நிறுத்தறதுக்குத்தான் சுவிட்ச் கிடையாது."

வேலியை ஒட்டிய மண்பாதையில் நடந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கீழே அத்தையின் தோட்டம். இந்தப் பக்கம் தொலைநோக்கி. பெரிய குழாய் நாலை நீளவாக்கில் பிளந்து மல்லாக்கப் போட்டு, உள்ளே கம்பி வலை அடித்ததுபோல் இருந்தது.

"இது திரும்பாதா?" என்றாள் வில்மா.

"திரும்பாது. பூமி திரும்புதில்ல, அதுவே போதும். தலைக்கு மேல எது வருதோ அதைக் கேட்கும். அப்படிக் கேட்டதுதான் கெர்ட்டி." பெயரைச் சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்தது. "வானொலி வெடிப்பு. கண் சிமிட்டறதுக்குள்ள நூறு தடவை வந்துட்டுப் போயிடும், அவ்வளவு பொடி நேரம். வர்றது இருநூறு கோடி ஒளி வருஷத் தூரத்திலேர்ந்து. பெரும்பாலான வெடிப்பு ஒரே தடவைதான் கேட்கும், அதோட சரி. கெர்ட்டி திரும்பத் திரும்ப வர்ற ரகம். அது எந்த நட்சத்திர மண்டலத்துக்குள்ள குடியிருக்குன்னு கண்டுபிடிச்சது நான்."

"எங்க குடியிருக்கு?"

"யாரும் எதிர்பார்க்காத இடத்துல. இந்த மாதிரி வெடிக்கிறதெல்லாம் பச்சைக் குழந்தை நட்சத்திரம்னுதான் எல்லாரும் நம்பறாங்க. எங்க டைரக்டர் அதை வெச்சே பதினஞ்சு வருஷம் ஓட்டிட்டார். ஆனா கெர்ட்டி இருக்கிறது ஒரு கிழட்டு மண்டலத்துல. அங்க புதுசா நட்சத்திரம் பிறந்து யுகமாச்சு. முதியோர் இல்லத்துலேர்ந்து குழந்தை அழற சத்தம் வந்தா எப்படி இருக்கும்?"

"ராத்திரி வார்டன் மேல சந்தேகம் வரும்," என்றான் டாரியோ.

மிரெய் சிரித்தாள். அந்த முதியோர் இல்லம் அவளைத் தொலைக்காட்சி வரைக்கும் கொண்டுபோயிருந்தது. கிழக்குக் கரையில் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று வேலை தருகிறது, வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாள். "உங்க அத்தையை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. போன வாரம்கூட வெண்ணெய் டார்ட்னு எங்க ஊர்ப் பலகாரம் செஞ்சு கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்தேன்."

டாரியோவுக்கு மனசு உருகிவிட்டது. உருகிய மனசோடு ஒரு சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தான். பற்ற வைக்கிற லைட்டர் வாசல் பெட்டியில் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நெருப்பு இருக்கா?" என்றான்.

மிரெய்யின் கை ஜாக்கெட் பைக்குள் போனது. போன வேகத்தில் வெறுங்கையாக வெளியே வந்தது.

"நான் சிகரெட் பிடிக்கிறதில்ல," என்றாள். "இங்க பிடிக்கவும் கூடாது."

வில்மா பூக்களைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

*

டைரக்டர் ஆலிஸ்டர் பெம்பர்ட்டன் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. மிரெய்யைக் காபி கொண்டுவர அனுப்பிவிட்டு, தன்னுடைய புகைப்படத்துக்குக் கீழே தானே உட்கார்ந்திருந்தார். ஒரே ஆளை இரண்டு தடவை பார்க்க வேண்டிய நிலைமை. மேசை மேல் கம்பி வைத்த கறுப்பு டெலிபோன் ஒன்று. அந்த மலையில் வேலை செய்யும் டெலிபோன் அது ஒன்றுதான். சுவரில் சிவப்பு எண்களில் ஒரு கடிகாரம்.

"புகாரை வாபஸ் வாங்கற பேச்சே கிடையாது," என்றார். "சத்தம் உங்க தோட்டத்துப் பக்கத்து வேலியிலேர்ந்துதான் வருது. சத்தம் வந்தா எங்க கம்ப்யூட்டர் அந்த நேரத்துல கேட்டது எல்லாத்தையும் குப்பைன்னு தூக்கிப் போட்டுடும். கெர்ட்டியும் சேர்ந்து குப்பைக்குப் போயிடறா. மூணு வாரமா!"

"சார்," என்றான் டாரியோ, "உங்க கடிகாரம் அரை மணி நேரத்துக்கு மேல ஓடிப் போயிருக்கு. எங்க மாமாவும் இப்படித்தான் வெச்சிருப்பார், சர்ச்சுக்கு லேட்டாகக் கூடாதுன்னு. அப்பவும் லேட்டாத்தான் போவார்."

டைரக்டர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல நிமிர்ந்தார். "ஓடவும் இல்ல, நிற்கவும் இல்ல. அது நட்சத்திர நேரம். சூரியனைப் பார்த்து நேரம் வெச்சுக்கறது மளிகைக் கடைக்காரன் பழக்கம். இன்னைக்கு உச்சிக்கு வந்த நட்சத்திரம் நாளைக்கு நாலு நிமிஷம் முன்னாடியே வந்துடும். எங்க கடிகாரமும் அதோட சேர்ந்து நாளுக்கு நாலு நிமிஷம் முந்தும். அதனால இதுப்படி பார்த்தா கெர்ட்டி தினமும் ஒரே நேரத்துக்கு உச்சிக்கு வருவா."

"சத்தமும் தினமும் ஒரே நேரத்துக்கு வருதுன்னு இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க," என்றாள் வில்மா.

"ஆமா. பிசகாம வருது. மெஷின்னா அப்படித்தானே வரும்?"

"எந்தக் கடிகாரப்படி?"

"இதென்ன கேள்வி? இதோ, இந்தக் கடிகாரப்படி! இன்னைக்கு உங்க மளிகைக் கடை நேரத்துல எட்டு மணி."

வில்மா சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவள் குரலில் ஆரம்பித்தாள்.

"அப்போ ஊர்க் கடிகாரப்படி அது ஒரே நேரம் இல்ல, ப்ரொஃபசர். மூணு வாரம் முன்னாடி காலையில ஒன்பதரைக்கு வந்திருக்கும். அப்புறம் ஒன்பது, எட்டரை, இன்னைக்கு எட்டு. ஒரு செர்ரித் தோட்டத்து விசிறி தினமும் நாலு நிமிஷம் முந்தி முந்தி எழுந்திருக்குது. இதே கணக்குல போனா ஆகஸ்ட் மாசம் நடு ராத்திரியில ஓடும். பழம் பறிச்சு முடிச்சு ஒரு மாசம் ஆன பிறகு."

"வன்மம்!" என்றார் டைரக்டர். "அந்த அம்மாவுக்கு எங்க மேல அவ்வளவு வன்மம்!"

"இருக்கலாம். வன்மம் இருந்தா போதுமா, நட்சத்திரக் கடிகாரம் வேண்டாமா? கெர்ட்டி எப்போ உச்சிக்கு வருதுன்னு வெளியில யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?"

"சொல்றதா? அது எங்க சொந்த ரகசியம். இந்த வேலியைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியா..."

"அதேதான்," என்றாள் வில்மா. "வேலியைத் தாண்டி ஒருத்தருக்கும் தெரியாது."

டைரக்டர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "எங்க ஆளுங்களா? இங்க இருக்கிறவங்க எல்லாரும் விஞ்ஞானிங்க!"

"அதனாலதான் சந்தேகமே."

"ஆதாரம் வேணும். ஆளைக் காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம் வாபஸை."

டாரியோவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. கீழே அத்தை கையில் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒரு எட்டு முன்னால் வந்து விரலை நீட்டினான்.

"ஆள்தானே? எதுக்கு ஊரெல்லாம் தேடணும்? நீங்கதான்! பதினஞ்சு வருஷமா குழந்தை, குழந்தைன்னு பாடிட்டு இருந்தீங்க. அந்தப் பொண்ணு வந்து முதியோர் இல்லம்னு சொல்லி உங்க மானத்தை வாங்கிட்டா. கெர்ட்டி மறுபடி பேசினா உங்க கதை கந்தல். அதனால வாயை அடைச்சுட்டீங்க. பழியை எங்க அத்தை தலையில போட்டுட்டீங்க!"

டிரக் விற்ற காலத்தில்கூட அவன் இவ்வளவு உணர்ச்சியோடு பேசியதில்லை. வில்மாவைத் திரும்பிப் பார்த்தான், பாராட்டை எதிர்பார்த்து. வில்மா டைரக்டரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த முகம் சிவந்து, பிறகு இன்னும் சிவந்தது.

"நானா? முட்டாளே, கெர்ட்டி வாயைத் திறக்க மாட்டாளான்னு தவம் கிடக்கிறவன் நான்! நியூஃபவுண்ட்லாந்துல எங்க ரெண்டாவது நிலையம் போன மாசம்தான் ஓட ஆரம்பிச்சுது. ஒரு காதை வெச்சுக் கேட்டா சத்தம் எந்தத் தெருவுன்னு தெரியும். ரெண்டு காது இருந்தாத்தான் எந்த வீடுன்னு தெரியும். அவ சொல்ற கிழட்டு மண்டலத்துக்கு ஒட்டினாப்பல ஒரு பொடி மண்டலம் இருக்கு. நீல நீலமா, புது நட்சத்திரம் பிறந்துகிட்டே இருக்கிற இடம். குழந்தை அழறது அங்கதான், நான் தலைதலையா அடிச்சுச் சொன்னேன். எவன் கேட்டான்? ரெண்டு நிலையமும் சேர்ந்து ஒரே ஒரு வெடிப்பைக் கேட்டா போதும், நான் ஜெயிச்சேன். அந்த ஒண்ணுதான் மூணு வாரமா குப்பைக்குப் போயிட்டிருக்கு!"

டாரியோவின் நீட்டிய விரல் மெதுவாக மடங்கியது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டான்.

"தப்பான வண்டியை வித்துட்டே," என்று வில்மா அவனிடம் சொன்னாள். "சாட்சி பேசணும்னு துடிக்கிறவன் சாட்சி வாயைப் பொத்த மாட்டான். சாட்சி பேசினா மாட்டிக்கிறவங்கதான் பொத்துவாங்க."

"அப்படின்னா..." டாரியோ கதவைத் திரும்பிப் பார்த்தான். "மேடம், வேண்டாம். அவங்க டார்ட் செஞ்சு கொடுத்தாங்க."

கதவு திறந்தது. மிரெய் நாலு கோப்பைக் காபியோடு வந்தாள்.

*

வில்மாவின் முதுகு கொஞ்சம் கூனிப் போனதை டாரியோ பார்த்தான். குரலிலும் ஒரு பத்து வயசு கூடியது. இந்த வேஷத்தைத்தான் ஆப்பிள் தோட்டக்காரர்களிடம் போட்டுக் காட்டி, சுத்தியல் எங்கே இருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பாள்.

"வாம்மா மிரெய். ப்ரொஃபசர் என்னென்னமோ நட்சத்திரக் கணக்குச் சொல்றார், என் மண்டையில ஏறமாட்டேங்குது. அந்த விசிறிச் சத்தத்தை நானே ஒரு தடவை காதால கேட்டுட்டா நிம்மதியாப் போயிடுவேன். இன்னைக்குக் காலையில எட்டு மணிக்குக் கத்தினதாமே? நாளைக்கும் எட்டு மணிக்கு வேலி ஓரமா வந்து நின்னா கேட்குமில்ல?"

"எட்டு மணிக்கு வந்தா பாதி முடிஞ்சிருக்கும்," என்றாள் மிரெய், கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தபடி. "ஏழு அம்பத்தாறு."

வானியல் படித்தவர்கள் பொறாமையைப் பொறுத்துக்கொள்வார்கள், பொய்யைப் பொறுத்துக்கொள்வார்கள், அந்த ஆய்வகத்துக் காபியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். தப்பான எண் ஒன்று காதில் விழுந்தால் மட்டும் திருத்தாமல் இருக்க அவர்களால் ஆகாது. தும்மல் மாதிரி வந்துவிடும்.

"நாளைக்கு எப்படிம்மா கத்தும்?" என்றாள் வில்மா, நிமிர்ந்து. பத்து வயசும் திரும்பக் குறைந்திருந்தது. "விசிறிக்குத்தான் காலையிலேயே சீல் வெச்சாச்சே."

கடைசிக் கோப்பை மேசைக்கு மேலேயே நின்றுவிட்டது.

"நான்... நான் கெர்ட்டி வர்ற நேரத்தைச் சொன்னேன்."

"நான் கெர்ட்டி பேரையே எடுக்கலை. விசிறியைக் கேட்டேன். அது தினமும் நாலு நிமிஷம் முந்தும்னு உனக்குத் தெரியும். சீல் வெச்ச பிறகும் நாளைக்குச் சத்தம் வரும்னும் தெரியும். ஓடப் போற ஜாக்கெட்தானே இது? அந்தப் பையில இருக்கிறதை எடுத்து வை. சிகரெட் பிடிக்காதவளுக்கு எதுக்கு நெருப்புன்னு பார்ப்போம்."

மிரெய் டாரியோவைப் பார்த்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பைக்குள் கைவிட்டு, கேஸ் அடுப்புப் பற்ற வைக்கும் நீள மூக்கு லைட்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். டக் டக் என்று அமுக்கினால் நுனியில் நீலப் பொறி தெறிக்குமே, அந்தச் சாதாரண லைட்டர்.

டாரியோ எடுத்து ஒரு தடவை அமுக்கினான். டக்.

"அமுக்காதே!" என்று டைரக்டர் அலறிக்கொண்டு மேசை மேல் பாய்ந்தார். காபி இரண்டு கோப்பை கவிழ்ந்தது.

"தினமும் காலையில வேலி ஓரமா ஓடப் போறப்போ," என்றாள் மிரெய். அவளுடைய பார்வை கவிழ்ந்த காபியிலேயே இருந்தது. "கெர்ட்டி தலைக்கு மேல இருக்கிற பத்து நிமிஷமும் பைக்குள்ளேயே அமுக்கிட்டு இருப்பேன். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். கையெழுத்து ஆயிட்டா விட்டுடலாம்னு நினைச்சேன்."

"ஏன்?" என்றான் டாரியோ. "நீங்க கண்டுபிடிச்சது தப்புன்னு எப்போ தெரிஞ்சுது?"

"பேப்பர் வெளியான மறுவாரம். பழைய வெடிப்பு ஒண்ணை மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிழட்டு மண்டலம் இல்ல, பக்கத்து வீடு. அதுக்குள்ள தொலைக்காட்சிக்காரங்க வந்துட்டாங்க." அவள் கசப்பாகச் சிரித்தாள். "ஆயிரம் வெடிப்பு ஒரே தடவை கேட்டுட்டு ஒழிஞ்சு போகுது. அதுக்கு எவன் என்ன கதை எழுதினாலும் செல்லும். சரிபார்க்க ஒருத்தனாலயும் முடியாது. எனக்குன்னு வாய்ச்சது பாருங்க, திரும்பத் திரும்ப வந்து சாட்சி சொல்ற ரகம்."

"எங்க அத்தை?"

"காப்பீடு இருக்கும்னு நினைச்சேன்."

"டார்ட் எதுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தீங்க?"

"பாவமா இருந்துச்சு."

"பாவமா இருந்துச்சு. ஆனா மறுநாளும் அமுக்கினீங்க." கோபம் வந்தால் வேடிக்கையாகப் பேச வராது என்பது டாரியோவுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. "அந்த டார்ட்டை அவங்க என்கிட்ட எவ்வளவு பெருமையாச் சொன்னாங்க தெரியுமா? மேல இருக்கிறவங்கள்ல ஒருத்திக்காவது மனசு இருக்குன்னு."

மிரெய் அழ ஆரம்பித்தாள். யாரும் சமாதானம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய டைரக்டர், தம்முடைய புகைப்படத்துக்குக் கீழே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"பக்கத்து வீடு!" என்றார். "அவ வாயாலேயே சொல்லிட்டா! பக்கத்து வீடு! நான் சொன்னேன் இல்ல? பதினஞ்சு வருஷமா சொன்னேன் இல்ல?"

சொல்லிக்கொண்டே டெலிபோனை எடுத்தார்.

"கெலோனாவுக்குத்தானே?" என்றாள் வில்மா.

"முதல்ல பல்கலைக்கழகம். அப்புறம் டொராண்டோ பத்திரிகை. அந்த இன்ஸ்பெக்டரை நாளைக்குக் கூப்பிட்டுக்கலாம், ஓடியா போயிடப் போறான்..."

வில்மா தன் நீளமான சுண்டுவிரலால் டெலிபோனின் கொக்கியை அமுக்கினாள். இணைப்பு செத்தது. டைரக்டர் மறுபடி சுழற்றினார், அவள் மறுபடி அமுக்கினாள். உலகப் புகழுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல்.

"மணி நாலு," என்றாள், தன் கடிகாரத்தைப் பார்த்து. "உங்க சுவர்ல நாலரை தாண்டிடுச்சு, ஆனா கெலோனாக்காரன் மளிகைக் கடை நேரத்துலதான் வேலை செய்றான். இப்போ கூப்பிட்டு வாபஸ் வாங்குங்க. இல்லைன்னா டொராண்டோ பத்திரிகைக்கு நான் பேசுவேன். நட்சத்திரக் கடிகாரத்தைப் பார்த்துச் செர்ரித் தோட்டத்து மேல கேஸ் போட்ட அறிவாளி யாருன்னு தலைப்பு கொடுப்பாங்க. உங்க போட்டோ பெரிசாவே வரும்."

டைரக்டர் சுவரைப் பார்த்தார், சுண்டுவிரலைப் பார்த்தார். அப்புறம் கெலோனாவுக்குச் சுழற்றினார்.

*

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்போதே குளிர் கிளம்பிவிட்டது. மூச்சு விட்டால் புகை வந்தது. கெலோனாவிலிருந்து அனுமதி வந்து ஓடீலியா சீலைப் பிரிக்கும்போது டாரியோ உதவிக்குப் போனான். "தள்ளுடா," என்றாள் போர்ச்சுகீசிய மொழியில். நல்ல சகுனம்.

மிரெய்யைப் பற்றி அவன் சொன்னதை அவள் சிவப்புப் பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"டார்ட் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் கடைசியில். "நாலு சாப்பிட்டேன். இப்போ நினைச்சா வயித்தைக் குமட்டுது."

இன்ஜின் பெட்டியைத் திறந்து, எண்ணெய் பார்த்து, பேட்டரிக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது. டைரக்டர் பெம்பர்ட்டன் இறங்கி, பூக்களுக்கு நடுவே ஷூவில் சேறு படாமல் எட்டி எட்டி வந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று டாரியோ நினைத்தான். அவனுக்கு மனிதர்கள் மேல் அப்படியொரு நம்பிக்கை, டிரக் விற்ற காலத்திலிருந்தே.

"மிஸஸ் மெடெய்ரோஸ், ஒரு சின்ன உதவி," என்றார் டைரக்டர். "நாளைக் காலையில கெர்ட்டி உச்சிக்கு வரும்போது எந்தத் தொல்லையும் இருக்கக் கூடாது. மூணு வாரம் வீணாப் போச்சு. விடியறப்பவே கருவிகளைச் சரிபார்க்கத் தொடங்கிடுவோம். உங்க விசிறியை எத்தனைதான் மூடியிருந்தாலும், ஒரு முன்னெச்சரிக்கைக்கு, விடியறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டீங்கன்னா..."

"விடியற நேரத்துலதான் குளிர் உச்சத்துல இருக்கும் சார்," என்றான் டாரியோ.

"எனக்குப் புரியுது தம்பி. ஆனா இது இருநூறு கோடி வருஷம் கடந்து வர்ற சேதி. மனித குலத்துக்கே சொந்தம். அதோட ஒப்பிட்டா கொஞ்சம் செர்ரி..."

வில்மா வேலிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தாள். ஓடீலியா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

"நாளைக்குக் கேட்க முடியலைன்னா உங்க கெர்ட்டி செத்தா போயிடுவா?"

"சேச்சே, அதெல்லாம் இல்ல. நாளை இல்லைன்னா நாளன்னைக்கு. அதுவும் இல்லைன்னா அடுத்த வாரம். அவ திரும்பத் திரும்ப வர்ற ரகம். அதுதானே அவளோட விசேஷம்."

"என் பூ அப்படி இல்ல," என்றாள் ஓடீலியா. "வருஷத்துக்கு ஒரே தடவைதான் வரும்."

சொல்லிவிட்டு இன்ஜின் சாவியைத் திருகினாள்.